பெக்கரல், கிரே, சீவேர்ட்: மருத்துவக் கதிர்வீச்சின் மூன்று அளவுகள்

புத்தளம் களப்பின் வடபுறத்தே மன்னார் வளைகுடாவை நோக்கிக் கிடக்கும் கரைத்தீவில் வாழும் ஒருவர், வைத்தியசாலைப் படியை ஒருமுறையும் மிதிக்காவிட்டாலும், ஆண்டு முழுவதும் கதிர்வீச்சைப் பெற்றுக்கொண்டுதான் இருக்கிறார். விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள், மண்ணிலும் வீட்டுச் சுவரிலும் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் யுரேனியமும் தோரியமும், மூச்சோடு உள்ளே போகும் ரேடன் வாயு, மீனிலும் கணவாயிலும் இயற்கையாகவே சேரும் பொலோனியம்-210, மனித உடலின் தசைகளில் எப்போதும் இருக்கும் பொற்றாசியம்-40 ஆகிய அனைத்தும் சேர்ந்து தரும் இந்தப் பங்குக்குப் பின்னணிக் கதிர்வீச்சு என்று பெயர்; அதன் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேர்ட் என ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு மதிப்பிட்டிருக்கிறது. கருங்கற் பாறைகளோடு ஒப்பிட்டால் சுண்ணாம்புக்கல்லில் யுரேனியமும் தோரியமும் பொதுவாகக் குறைவு என்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வரை நீளும் சுண்ணாம்புக்கல் வலயத்தைச் சேர்ந்த இக்கரையில் நிலத்திலிருந்து வரும் பங்கைக் குறித்து அஞ்சுவதற்கு எதுவுமில்லை.

அதே மனிதர் நீங்காத இருமலோடு புத்தளம் வைத்தியசாலைக்குச் சென்று மார்பு எக்ஸ்-றே எடுத்து, பின்னர் சீ.ரீ. ஸ்கேனுக்கு அனுப்பப்பட்டு, நோய் புற்று என உறுதியானபின் மஹரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலையில் வாரக்கணக்கில் கதிர்ச்சிகிச்சை பெற நேர்ந்தால், அவருடைய கோப்பில் முன்பின் கேட்டிராத அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். ஒரு தாளில் மில்லிசீவேர்ட், இன்னொன்றில் கிரே, எலும்பு ஸ்கேன் எடுத்த தாளில் மெகாபெக்கரல் என்று எழுதப்பட்டிருக்கும். இவையெல்லாம் ஒரே பொருளின் கூடிய, குறைந்த அளவுகள் என எண்ணிக்கொள்வது எளிது; அந்த எண்ணத்திலிருந்துதான் இரு தீங்குகள் பிறக்கின்றன. பயனுள்ள சிகிச்சையைப் பயத்தால் பாதியில் நிறுத்திவிடுவோர் ஒருபுறம். தேவையில்லாத ஸ்கேனைத் தாமாகவே கேட்டு வாங்குவோர் மறுபுறம். பெக்கரல், கிரே, சீவேர்ட் ஆகிய மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதைத் தெளிந்துகொள்வதே இவ்விரு தீங்குகளுக்கும் மருந்தாகும். அந்தத் தெளிவைத் தருவதற்கு இலங்கை மண்ணிலேயே கண்டெடுக்கப்பட்ட ஒரு கனியத்தின் வரலாற்றைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை.

அயனாக்கும் கதிர் என்பது என்ன

கதிர்வீச்சு என்ற சொல்லின் பரப்பு பெரிது. சூரிய ஒளியும் வானொலி அலையும் அதில் அடங்கும். மருத்துவம் தனியே எச்சரிக்கையோடு கையாளுவது அயனாக்கும் கதிர்வீச்சையே. அணுவைச் சுற்றியிருக்கும் இலத்திரனை வெளியே தள்ளிவிடும் அளவுக்குச் சக்தி படைத்த கதிர் உயிர்க்கலத்தினூடே பாயும்போது, கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நேரடியாகவோ, உடல்நீரில் தான் உண்டாக்கும் வினைத்திறன் மிக்க துணிக்கைகள் வாயிலாகவோ அறுக்கக்கூடும். அறுபட்ட இழைகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கலமே திருத்திக்கொள்கிறது. திருத்த இயலாத கலம் இறக்கிறது. அரிதாக ஒரு கலம் தவறாகத் திருத்தப்பட்டு உயிரோடு எஞ்சி, நெடுங்காலத்துக்குப் பின் புற்றுநோயின் தொடக்கமாக அமைந்துவிடுகிறது. கதிர்ச்சிகிச்சையின் பயனும் கதிர்வீச்சின் தீங்கும் இந்த ஒரே நிகழ்விலிருந்துதான் தோன்றுகின்றன.

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர், மின்சாரத்தால் இயங்கும் குழாயில் பிறப்பது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். காமாக் கதிரும் எக்ஸ் கதிரைப் போன்ற மின்காந்த அலைதான் எனினும், அது அணுவின் கருவிலிருந்து தானாக வெளிப்படுவதால் அதை எவராலும் நிறுத்த இயலாது. பீற்றாக் கதிர் விரைந்தோடும் இலத்திரன். மருத்துவத்தில் பயன்படும் வகைகள் பெரும்பாலும் உடலிழையத்தில் சில மில்லிமீற்றர் தூரமே செல்லும். இரு புரோத்தன்களும் இரு நியூத்திரன்களும் சேர்ந்த அல்பாத் துணிக்கையை ஒரு கடதாசித் தாள்கூடத் தடுத்துவிடும். ஆனால் அதை வெளிவிடும் பொருள் உடலுக்குள்ளே புகுந்துவிட்டால், ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைவான தூரத்துக்குள் தன் சக்தி முழுவதையும் கொட்டி, வழியிலுள்ள கலங்களைக் கடுமையாகச் சிதைக்கும்.

ஊர்வழக்கில் ஸ்கேன் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் பரிசோதனைகள் எல்லாம் இந்த வகைக்குள் வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குச் செய்யப்படும் அல்ட்ராசவுண்ட் செவிக்கு எட்டாத ஒலியையும், எம்.ஆர்.ஐ. வலிய காந்தப்புலத்தையும் வானொலி அலையையும் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் அயனாக்கும் கதிர் இல்லை. எக்ஸ்-றே, சீ.ரீ., மாமோகிராம், கதிர் மருந்து செலுத்தி எடுக்கும் அணுமருத்துவ ஸ்கேன் ஆகியவற்றில் அது உண்டு.

சபரகமுவவின் கனியமும் பெக்கரலும்

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவியல் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்தவர், பிற்காலத்தில் இந்தியக் கலை வரலாற்றறிஞராக உலகப்புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாகக் கொழும்பில் பிறந்து இலண்டனில் நிலவியல் பயின்ற அவர், சபரகமுவப் பகுதியின் மாணிக்கக்கற் படிவுகளில் கிடைத்த கரிய, பாரம் மிகுந்த ஒரு கனியத்தை முதலில் யுரேனினைட்டு எனக் கருதி விவரித்தார். 1904இல் வின்தம் டன்ஸ்டன் அதை ஆராய்ந்து, பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டாலான புதிய கனியம் எனக் காட்டி, தோரியனைட்டு என்று பெயரிட்டார். தோரியம் கதிரை வெளிவிடும் மூலகம் என்பதை 1898இல் கெர்ஹார்ட் ஷ்மிட், மேரி கியூரி ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்திருந்தமையால், இலங்கையின் இக்கனியம் உடனே ஐரோப்பிய ஆய்வுகூடங்களின் கவனத்தைக் கவர்ந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் ராம்சேயிடம் பயில வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற இளம் ஜெர்மானிய வேதியியலாளரிடம், தோரியனைட்டிலிருந்து பெறப்பட்ட சுமார் 100 கிராம் பேரியம் உப்பைக் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு ராம்சே பணித்தார். அவ்வேலையின் நடுவே, அதுவரை எவரும் அறியாத, தோரியத்தைவிடப் பன்மடங்கு வீரியமாகக் கதிர் வெளிவிடும் ஒரு பொருளை ஹான் 1905இல் கண்டு அதற்கு ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். இன்று தோரியம்-228 எனப்படும் சமதானி அதுவே. இரு ஆண்டுகளுக்குப் பின் பேர்லினில் அவர் கண்டறிந்த மீசோதோரியம், இன்றைய ரேடியம்-228, விலை மிகுந்த ரேடியத்துக்கு மாற்றாக மருத்துவத்திலும் ஒளிரும் சாயத்திலும் பயன்பட்டது. பிற்காலத்தில் யுரேனியப் பிளவைக் கண்டறிந்து 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற ஹானின் ஆய்வுப் பயணம் இலங்கைக் கனியம் ஒன்றிலிருந்துதான் தொடங்கியது.

ஹான் கண்ட இவ்விரு பொருள்களும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். தோரியம்-232 அல்பாத் துணிக்கையை வெளிவிட்டு ரேடியம்-228 ஆக மாறுகிறது; அது படிப்படியாகத் தோரியம்-228, ரேடியம்-224, தோரன் எனப்படும் ரேடன்-220, ஈயம்-212 ஆகியவற்றின் வழியே மாறிச் சென்று, மேலும் மாறாத ஈயம்-208 இல் முடிகிறது. இதைத் தேய்வுத் தொடர் என்பர். ஒரு பொருளின் அணுக்களில் பாதி மாறுவதற்கு எடுக்கும் காலமே அரைவாழ்வுக் காலம். தோரியம்-232 க்கு அது 1,400 கோடி ஆண்டுகள், தோரியம்-228 க்கு 1.9 ஆண்டுகள், ஈயம்-212 க்கு 10.6 மணித்தியாலங்கள், தோரனுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

ஒரு பொருளில் விநாடிக்கு எத்தனை அணுக்கள் மாறுகின்றன என்ற எண்ணிக்கையே அதன் கதிர்த்தொழிற்பாடு. விநாடிக்கு ஓர் அணு மாறினால் அது ஒரு பெக்கரல். 1896இல் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டறிந்த ஹென்றி பெக்கரலின் பெயரால் அமைந்த அலகு இது. ஒரு கிராம் தோரியம்-232 இன் தொழிற்பாடு ஏறத்தாழ 4,000 பெக்கரல் மட்டுமே. ஒரு கிராம் ரேடியம்-226 இன் தொழிற்பாடோ 3,700 கோடி பெக்கரல். அரைவாழ்வு நீள நீள ஒரே எடைக்கான தொழிற்பாடு குறையும் என்பதையும், ஆயிரம் கோடி ஆண்டு அரைவாழ்வு என்ற பேச்சைக் கேட்டதுமே எழும் அச்சம் அளவையோடு பொருந்துவதில்லை என்பதையும் இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன. எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒரு மனிதரின் உடலிலுள்ள பொற்றாசியம்-40 மட்டுமே 4,000 பெக்கரலுக்கு மேல் இருக்கும். எனவே பெக்கரல் என்பது மூலப்பொருளைப் பற்றிய அளவு. அதன் அருகே நிற்பவருக்கு என்ன நேர்ந்தது என்பதை அது தனியே சொல்லாது.

உடலை அளக்கும் கிரேயும் ஆபத்தை அளக்கும் சீவேர்ட்டும்

உடல் எவ்வளவு சக்தியை உறிஞ்சிக்கொண்டது என்பது இரண்டாவது கேள்வி. ஒரு கிலோகிராம் இழையம் ஒரு யூல் சக்தியை உறிஞ்சினால், உறிஞ்சப்பட்ட அளவு ஒரு கிரே. பிரித்தானியக் கதிர்ப் பௌதிகவியலாளர் லூயிஸ் ஹெரல்ட் கிரேயின் பெயரைத் தாங்கிய இவ்வலகு நடைமுறைக்கு வருமுன், அதன் நூறிலொரு பங்கான ராட் என்ற அலகு வழங்கிவந்தது. பழைய நூல்களில் இன்றும் அதைக் காணலாம்.

ஒரே அளவு சக்தியை எல்லாக் கதிர்களும் ஒரே விதமாகச் செலவிடுவதில்லை. மெல்லிய பாதையில் முழுச் சக்தியையும் இறைக்கும் அல்பாத் துணிக்கை, அதே கிரே அளவில், எக்ஸ் கதிரைவிடக் கூடிய தீங்கு செய்வதால், சர்வதேசக் கதிரியற் பாதுகாப்பு ஆணைக்குழு எக்ஸ், காமா, பீற்றாக் கதிர்களுக்கு 1 என்றும் அல்பாவுக்கு 20 என்றும் நிறைக்காரணிகளை வகுத்திருக்கிறது. கிரேயை இக்காரணியால் பெருக்கக் கிடைப்பது சமவலு அளவு. உடலுறுப்புகளின் உணர்திறனும் ஒன்றுபோல இருப்பதில்லை. 2007இல் வெளியான பரிந்துரைகளின்படி நுரையீரல், இரைப்பை, பெருங்குடல், மார்பகம், செவ்வென்புமச்சை ஆகியவற்றுக்குத் தலா 0.12 உம், தைரொயிட்டு, ஈரல் முதலியவற்றுக்கு 0.04 உம், தோலுக்கு 0.01 உம் என வகுக்கப்பட்ட இழையக் காரணிகளால் மேலும் பெருக்கி, எல்லா உறுப்புகளுக்குமாகக் கூட்டினால் கிடைப்பதே பயனுறு அளவு. சமவலு அளவும் பயனுறு அளவும் சுவீடிஷ் அறிஞர் ரொல்ஃப் சீவேர்ட்டின் பெயரால் சீவேர்ட்டில் சொல்லப்படுகின்றன; ஒரு சீவேர்ட் மிகப் பெரிய அளவாதலால் நடைமுறையில் அதன் ஆயிரத்திலொரு பங்கான மில்லிசீவேர்ட்டே வழங்குகிறது.

புத்தளத்து உப்பளத்தில் நண்பகலில் வேலை செய்பவரை நினைத்துப் பார்த்தால் மூன்றின் வேறுபாடும் விளங்கும். சூரியன் எவ்வளவு வெயிலை வெளிவிடுகிறது என்பது பெக்கரலைப் போன்றது. அவ்வெயிலில் எவ்வளவு அவருடைய உடலில் வெப்பமாக ஏறியது என்பது கிரேயைப் போன்றது. அது முதுகில் ஏறியதா, கண்ணில் ஏறியதா, அதனால் வரக்கூடிய தீங்கு எவ்வளவு என்பது சீவேர்ட்டைப் போன்றது.

மூன்று அளவுகளுக்கும் பொதுவான இன்னொரு கேள்வி எஞ்சுகிறது: தீங்கு எவ்வகையைச் சேர்ந்தது? தோல் சிவத்தல், முடி உதிர்தல், கண்வில்லை மங்குதல் போன்றவை ஒரு குறித்த எல்லையைத் தாண்டினால் மட்டுமே தோன்றி, அளவு கூடக்கூடக் கடுமையாகும். இவற்றை இழைய விளைவுகள் என்பர். புற்றுநோயோ அப்படிப்பட்டதன்று. அளவு கூடும்போது அது தோன்றும் வாய்ப்புக் கூடுமே தவிர, தோன்றிய நோயின் கடுமை கூடுவதில்லை. இத்தகையவை நிகழ்தகவு விளைவுகள் எனப்படும். முதலாவது வகைக்குப் பாதுகாப்பான எல்லை ஒன்று உண்டு. இரண்டாவதற்கு எல்லை ஏதுமில்லை எனக் கொண்டு, முன்னெச்சரிக்கையாக ஒவ்வொரு மில்லிசீவேர்ட்டையும் குறைக்க முயல்வதே கதிர்ப் பாதுகாப்பின் நடைமுறை.

தோரோட்ராஸ்ட் கற்பித்த பாடம்

இந்த வேறுபாடுகளை அறியாதிருந்ததன் விலையை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான நோயாளிகள் தம் உயிரால் செலுத்தினார்கள். எக்ஸ்-றே படத்தில் எலும்பு வெண்மையாகத் தெரிவதற்கு அதிலுள்ள கல்சியம் எக்ஸ் கதிரைத் தடுப்பதே காரணம். இரத்தக் குழாய்களும் குடலும் சுற்றியுள்ள இழையத்தைப் போலவே கதிரை ஊடுருவ விடுவதால் படத்தில் தனித்துத் தெரிவதில்லை. அவற்றைத் தெரியச் செய்வதற்காக உள்ளே செலுத்தப்படும் பொருளே மாறுபாட்டூடகம். அணுவெண் உயர்ந்த மூலகங்கள் எக்ஸ் கதிரை நன்கு தடுக்கும் என்பதால், அணுவெண் 90 கொண்ட தோரியம் மிகச் சிறந்த தெரிவாகத் தோன்றியது. 1930களின் தொடக்கத்திலிருந்து தோரோட்ராஸ்ட் என்ற பெயரில் விற்பனையான ஊசிமருந்து, தோரியம் ஒட்சைட்டு நுண்துகள்கள் மிதக்கும் கரைசல். வேதியியல் நோக்கில் சபரகமுவக் கனியத்தின் முதன்மைக் கூறும் இதுவும் ஒன்றே. படங்கள் மிகத் தெளிவாக இருந்தன, உடனடியாக எந்தத் தீங்கும் தெரியவில்லை, மூளையின் இரத்தக் குழாய்களைப் படம்பிடிக்கும் முறையை வகுத்த போர்த்துக்கல் மருத்துவர் எகாஸ் மோனிஸும் அதைப் பயன்படுத்தினார்.

உடலுக்குள் போன தோரியம் வெளியேறவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்புமச்சையிலும் உள்ள விழுங்கு கலங்கள் அந்நுண்துகள்களைப் பிடித்து வைத்துக்கொண்டன. ஒரு பொருளில் பாதியை உடல் வெளியேற்ற எடுக்கும் காலம் உயிரியல் அரைவாழ்வு எனவும், கதிர்த்தேய்வும் வெளியேற்றமும் சேர்ந்து அப்பொருளின் தொழிற்பாட்டைப் பாதியாக்க எடுக்கும் காலம் பயனுறு அரைவாழ்வு எனவும் கூறப்படும். தோரோட்ராஸ்ட்டில் இரண்டுமே மனித ஆயுளோடு ஒப்பிடத்தக்க நீளமுடையவை. வழக்கமாகச் செலுத்தப்பட்ட 25 மில்லிலீற்றர் மருந்தால் ஈரல் ஆண்டுதோறும் ஏறத்தாழ 0.25 கிரே அளவு அல்பாக் கதிரைப் பெற்றதெனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அல்பாவின் நிறைக்காரணியான 20 ஆல் பெருக்கினால் அது ஈரலுக்கு ஆண்டுக்கு 5 சீவேர்ட்டுக்குச் சமம். ஜெர்மனி, டென்மார்க், போர்த்துக்கல், ஜப்பான் ஆகிய நாடுகளில் இந்நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஊசி போட்டு இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் கடந்தபின் ஈரற் புற்றுநோய் பெருமளவில் தோன்றுவது உறுதியாயிற்று. கதிரைப் பெற்ற நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடைப்பட்ட அந்த நெடுங்காலத்தை மறைகாலம் என்பர்.

இப்போது அதே மருந்தை இன்றைய எலும்பு ஸ்கேன் ஒன்றோடு ஒப்பிடலாம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, எலும்பை நாடிச் செல்லும் சேர்மத்தோடு தெக்னீசியம்-99எம் என்ற சமதானியை இணைத்து நாளத்தில் செலுத்துவார்கள். அதன் தொழிற்பாடு சுமார் 600 மெகாபெக்கரல், அதாவது 60 கோடி பெக்கரல். தோரோட்ராஸ்ட் ஊசியொன்றிலிருந்த தோரியம்-232 இன் தொழிற்பாடோ 20,000 பெக்கரல் அளவில்தான் இருந்தது. முப்பதாயிரம் மடங்கு பெரிய பெக்கரல் எண்ணைக் கொண்ட எலும்பு ஸ்கேன், நோயாளிக்கு மூன்று நான்கு மில்லிசீவேர்ட்டை மட்டுமே தருகிறது. தெக்னீசியத்தின் அரைவாழ்வு 6 மணித்தியாலம். அது பெரும்பாலும் உடலை ஊடுருவி வெளியேறும் காமாக் கதிரையே தருகிறது. பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடுகிறது. பெக்கரலின் பெரிய எண்ணைக் கண்டு கலங்குவதும் சிறிய எண்ணை நம்பி அசட்டையாக இருப்பதும் ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தோரியம் கைவிடப்பட்டபின் அதன் இடத்தை நிரப்பியவை, கதிர்த்தொழிற்பாடு இல்லாத இரு பொருள்கள். அணுவெண் 53 கொண்ட அயடீனின் சேர்மங்கள் இரத்தக் குழாயிலும், அணுவெண் 56 கொண்ட பேரியத்தின் சல்பேற்று உணவுக்குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றிலும் இன்று மாறுபாட்டூடகங்களாகப் பயன்படுகின்றன. இவற்றிலிருந்து எந்தக் கதிரும் வெளிப்படுவதில்லை, சீ.ரீ. ஸ்கேனுக்கு முன் சிறுநீரகத் தொழிற்பாட்டையும் ஒவ்வாமையையும் பற்றி விசாரிப்பது அயடீன் சேர்மத்தின் வேதியியல் விளைவுகள் கருதியே.

படம்பிடிக்கும் அறையில்

மார்பு எக்ஸ்-றே ஒன்றின் பயனுறு அளவு 0.02 முதல் 0.1 மில்லிசீவேர்ட் வரை இருக்கும். உலகச் சராசரிப் பின்னணியோடு ஒப்பிட்டால் அது சில நாள்களிலிருந்து இரண்டு வாரங்கள் வரை இயற்கையே தரும் அளவு. சீ.ரீ. ஸ்கேனில் எக்ஸ் கதிர்க் குழாய் உடலைச் சுற்றிச் சுழன்று, பல கோணங்களில் பெற்ற அளவீடுகளைக் கணினி ஒன்றுசேர்த்துக் குறுக்குவெட்டுத் தோற்றங்களாக்குகிறது. 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையை இம்முறையில் படம்பிடித்த கொட்ஃப்றி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே படத்தின் ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியும் அளக்கப்படுகிறது. அவ்வளவுகோலில் நீர் 0, வளி −1,000. இத்தனை விவரத்தைத் தரும் மார்புச் சீ.ரீ. சுமார் 7 மில்லிசீவேர்ட்டைத் தருவதால், அது நூற்றுக்கணக்கான எக்ஸ்-றேக்களுக்கு ஈடாகலாம்.

அந்த 7 மில்லிசீவேர்ட்டின் ஆபத்தைக் கணக்கிட, சீவேர்ட்டுக்கு ஏறத்தாழ 5 வீதம் என்ற ஆணைக்குழுவின் மதிப்பீட்டைப் பயன்படுத்தினால், பத்தாயிரம் பேர் அதே ஸ்கேனை எடுத்தால் அவர்களுள் மூன்று நான்கு பேருக்கு வாழ்நாளில் அதனால் புற்றுநோய் வரக்கூடும் என்ற விடை கிடைக்கும். இது மக்கள்தொகைக்கான மதிப்பீடு. தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லும் சோதிடமாக அதைக் கொள்ளக்கூடாது. இத்தகைய சிறு அளவுகளின் விளைவை நேரடியாகக் காண்பது எவ்வளவு கடினம் என்பதைக் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கரை காட்டுகிறது. தோரியம் அடங்கிய மோனசைட்டு மணலால் அங்கே சில இடங்களில் பின்னணி ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை உயர்கிறது. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், அதனால் புற்றுநோய் கூடியதற்கான சான்று கிடைக்கவில்லை. சிறிய அளவின் ஆபத்து இல்லவே இல்லை என்பதை அவ்வாய்வு நிறுவிவிட்டதாகச் சொல்ல இயலாது. ஆபத்து இருந்தால் அது கண்டறியக் கடினமான அளவுக்குச் சிறியது என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே மருத்துவக் கதிர் தொடர்பான முதல் விதி நியாயப்படுத்தல்: பரிசோதனையின் விடை சிகிச்சையை மாற்றக்கூடியதாக இருந்தால்தான் அது எடுக்கப்பட வேண்டும். இரண்டாவது உகப்பாக்கல்: நோயை அறியப் போதுமான தெளிவுள்ள படத்தை, இயன்ற அளவு குறைந்த கதிரில் பெற வேண்டும். தொழிலாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேர்ட் என்றும் பொதுமக்களுக்கு 1 மில்லிசீவேர்ட் என்றும் வகுக்கப்பட்ட எல்லைகள் நோயாளிக்குப் பொருந்தா, ஏனெனில் அவருக்குத் தேவையான படத்தை ஓர் எண்ணைக் காட்டித் தடுப்பது அவருக்கே தீங்காகிவிடும். இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தால் அமைந்த ஒழுங்குபடுத்தும் பேரவை, எக்ஸ்-றே இயந்திரங்களுக்கும் கதிர்மூலங்களுக்கும் உரிமம் வழங்கிக் கண்காணிக்கிறது. கர்ப்பம் உண்டா என்று பெண்களிடம் கேட்பதும் நியாயப்படுத்தலின் ஒரு பகுதியே. ஆயினும் தெரியாமல் எடுத்த மார்பு எக்ஸ்-றேயில் கரு பெறுவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு, 100 மில்லிகிரேக்குக் கீழ் கருவில் ஊனம் தோன்றியதாகக் காணப்பட்டதில்லை என்பதால், அதற்காகக் கர்ப்பத்தைக் கலைக்க எண்ணுவது அறவே தேவையற்றது.

சிகிச்சை அறையில்

கதிர்ச்சிகிச்சையின் அலகு கிரே. ஒருவர் முழுவுடலிலும் ஒரே தடவையில் 4 கிரே பெற்று, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், பிழைப்பதும் இறப்பதும் ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பு. ஆனால் புற்றுநோயாளி ஒருவர் நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாள்களாக, ஐந்து வாரங்களில் 50 கிரே பெற்று நலமடைகிறார். கதிர் உடலின் சிறு பகுதிக்கு மட்டும் குறிவைக்கப்படுவது ஒரு காரணம். மொத்த அளவைப் பகுதிகளாகப் பிரித்து, இடைப்பட்ட மணித்தியாலங்களில் நல்ல கலங்கள் தம்மைத் திருத்திக்கொள்ள அவகாசம் தருவது மற்றொரு காரணம். பெரும்பாலான புற்றுக் கலங்கள் அத்திருத்தத்தில் பின்தங்கியவை. இப்படிப் பகுத்துக் கொடுப்பதற்குப் பகுப்பளவு முறை என்று பெயர்; கரைத்தீவு போன்ற தொலைவிலிருந்து செல்லும் நோயாளிக்கு ஐந்து வாரம் வீட்டைவிட்டுத் தங்குவது பெருஞ்சுமை என்றாலும், நாள்களைத் தவறவிட்டால் எஞ்சிய புற்றுக் கலங்கள் மீண்டும் பெருக இடமுண்டு என்பதை அவருக்கும் குடும்பத்தாருக்கும் முதல் நாளிலேயே விளக்கிச் சொல்ல வேண்டும்.

உடலுக்கு வெளியே நின்று கதிர் பாய்ச்சுவது தொலைக்கதிர்ச் சிகிச்சை, 5.27 ஆண்டு அரைவாழ்வுள்ள கோபால்ற்று-60 கொண்ட இயந்திரமோ, மின்சாரத்தால் உயர்சக்தி எக்ஸ் கதிரை உண்டாக்கும் நேர்கோட்டு முடுக்கியோ இதற்குப் பயன்படும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் போன்றவற்றில் 74 நாள் அரைவாழ்வுள்ள இரிடியம்-192 மூலத்தை உறுப்பின் உள்ளேயே சில நிமிடம் வைத்து எடுப்பது அண்மைக்கதிர்ச் சிகிச்சை. எக்ஸ்-றே எடுத்தவரோ, தொலைக்கதிர்ச் சிகிச்சை பெற்றவரோ, மூலம் எடுக்கப்பட்டபின் வீடு திரும்பியவரோ பிறருக்குக் கதிர் பரப்புவதில்லை. அவரோடு ஒரே கோப்பையில் தேநீர் அருந்தலாம், குழந்தையை அவர் மடியில் வைத்துக்கொள்ளலாம். கதிர்மருந்து உள்ளே செலுத்தப்பட்டவர்கள் மட்டுமே, உதாரணமாகத் தைரொயிட்டு நோய்க்கு 8 நாள் அரைவாழ்வுள்ள அயடீன்-131 அருந்தியவர்கள், வைத்தியசாலை குறித்துத் தரும் சில நாள்களுக்குக் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும்.

தோரோட்ராஸ்ட்டில் கொல்லும் பண்பாக வெளிப்பட்ட அல்பாக் கதிரின் குறுகிய, கடுமையான பாதையே இன்று மருந்தாக மாறிவருகிறது. ஹான் தோரியனைட்டில் கண்ட தோரியம்-228 இன் வழித்தோன்றலான ஈயம்-212 ஐப் புற்றுக் கலங்களைத் தேடி ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறுகளோடு பிணைத்துச் செலுத்தும் சிகிச்சை, நரம்பு-சுரப்புக் கட்டிகளுக்காக நோயாளிகளிடையே பரிசோதிக்கப்பட்டு வருகிறது. அல்பாத் துணிக்கை சில கலங்களின் அகலத்துக்கு அப்பால் போகாது, அரைவாழ்வு 10.6 மணித்தியாலமே என்பதால் சில நாள்களில் தொழிற்பாடு ஏறத்தாழ முற்றாக ஒழிந்துவிடும். ஒரே தேய்வுத் தொடரின் ஒரு கண்ணி மனிதரைக் கொன்றதற்கும் மற்றொன்று காப்பாற்ற முயல்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு, எந்த உறுப்பில், எவ்வளவு காலம், எத்தனை கிரே என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை தெரிந்திருப்பதுதான்.

அக்கேள்விகள் மருத்துவருக்கு மட்டும் உரியவை எனக் கொள்வதற்கு நியாயமில்லை. இந்தப் பரிசோதனையின் விடை சிகிச்சையை மாற்றுமா, கதிர் இல்லாத வேறு முறை இருக்கிறதா, அண்மையில் எடுத்த படம் போதாதா, உடலுக்குள் செலுத்துவது கதிர்மருந்தா அல்லது வெறும் மாறுபாட்டூடகமா, வீடு திரும்பியபின் யாரிடமிருந்து எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு. அவற்றுக்கு அவருடைய மொழியில் விடை சொல்லும் கடமை கதிரியல் பிரிவுக்கு உண்டு. பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்தி அடுத்த வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்வது, ஒரே ஸ்கேன் இருமுறை எடுக்கப்படுவதைத் தவிர்க்கும் மிக எளிய கதிர்ப் பாதுகாப்பாகும். பெக்கரலும் கிரேயும் சீவேர்ட்டும் எதை அளக்கின்றன என்பதைத் தமிழில் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால், புத்தளத்திலிருந்து மஹரகம வரை செல்லும் நோயாளி தம் உடலுக்கு நடப்பதை அறிந்து இசைபவராக அச்சிகிச்சைக்குள் நுழைவார். நோயை வெல்லும் முயற்சியில் அந்த அறிவும் ஒரு பங்கு.